அக்காவுக்கு ஹெர்னியா இல்லை

டாக்டரின் அறையில் அன்று இருந்தவர்கள் மூன்று பேர். அப்பா, மாமா, நான். அம்மா வரவில்லை. இந்தப் பேச்சையெல்லாம் ஆம்பளை டாக்டர் எதிரில் உட்கார்ந்து கேட்க முடியாது என்று ஊரப்பாக்கத்து வீட்டிலேயே நின்றுவிட்டாள். அக்காவும் வரவில்லை. யாருடைய உடம்பைப் பற்றிப் பேசப் போயிருந்தோமோ, அவள் அந்த நேரத்தில் தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் எங்களுக்குப் பின்னால் கதவைப் பார்த்தார். யாரும் வரவில்லை.

"பேஷண்ட் எங்க?"

"வேலைக்குப் போயிருக்கு சார்" என்றார் மாமா. "நாங்க பேசி முடிச்சிட்டு அதுகிட்ட சொல்லிக்கிறோம்."

"அப்ப நான் யாரை எக்ஸாமின் பண்றது? உங்களையா?"

மாமா இதை ஜோக் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். அப்பாவும் மரியாதைக்குச் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, அலுப்பு. அடுத்த சில மாதங்களுக்கு அந்த அலுப்பு அப்படியே என் முகத்துக்கு இடம் மாறப்போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

விஷயம் இதுதான். அக்காவுக்கு மார்பு மிகப் பெரியது. இதை எழுத எனக்கு இன்னமும் கை கூசுகிறது. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்ததால்தான் இத்தனை கூத்தும் நடந்தது, அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். பதினாறு பதினேழு வயதிலிருந்தே அவளுக்குக் கழுத்து வலி, முதுகு வலி. தோள் இரண்டிலும் உள்ளாடைப் பட்டை அழுத்தி அழுத்திப் பள்ளம் விழுந்திருந்தது என்று அம்மா சொன்னாள். வெயில் காலத்தில் மார்புக்கு அடியில் வேர்வையில் புண் வரும். இதெல்லாம் பொறுத்துக்கொண்டாள். மெஷினில் குனிந்து உட்கார்ந்து காலர் திருப்பும்போது விரல் மரத்துப்போக ஆரம்பித்த பிறகுதான் பயந்தாள். ஒருமுறை ஊசி விரலுக்குள் இறங்கியதே தெரியவில்லை, துணியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்ததாம்.

கம்பெனி அனுப்பிய டாக்டர் எடையைக் குறை என்று சொல்லி ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தார். அக்கா ஒன்றும் குண்டு இல்லை. கடைசியில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு லேடி டாக்டர்தான், இதற்கு ஆபரேஷன் உண்டு, மார்பைச் சிறிதாக்கலாம், வலி போய்விடும் என்று சொல்லி இந்த பிளாஸ்டிக் சர்ஜனிடம் அனுப்பினார். அக்காவிடம் சீட்டு எடுத்த பணமும் போனஸில் சேர்த்ததும் இருந்தது. அவள் பணம், அவள் உடம்பு. பேசப் போனது நாங்கள் மூன்று பேர்.

என்னை எதற்கு அழைத்துப் போனார்கள் என்றால், எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதோடு, மேடவாக்கத்தில் ஒரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனியில் எனக்கு வேலை. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை ஹெட்ஃபோனில் கேட்டு டைப் அடிப்பது. எவளோ ஒரு அமெரிக்கப் பெண்ணுக்கு மார்பில் என்ன செய்தார்கள் என்று நான் ஒரு பிழை இல்லாமல் ஆங்கிலத்தில் அடிப்பேன். அதையே அப்பா எதிரில் தமிழில் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. "அரை டாக்டர்" என்று மாமா என்னைக் கிண்டல் செய்வார். அந்த அறையில் நான் கால் டாக்டராகக்கூட இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கன்சல்டேஷன் பணம் கட்டிவிட்டோம் என்பதாலோ என்னவோ டாக்டர் எங்களுக்கே விளக்கினார். ஒரு தாளில் வரைந்தார்.

"சதையைக் குறைச்சு, மேல தூக்கித் தைப்போம். ஆனா மிச்சம் வைக்கிறதுக்கும் எடை இருக்கு இல்லையா? வெறும் தோலை நம்பி விட்டா வருஷம் போகப் போக மறுபடி இறங்கும். அதுக்கு உள்ளே ஒரு மெஷ், வலை மாதிரி, வைக்கலாம். தோலுக்கு அடியில, சதையைச் சுத்தி. மேல்பக்கம் நெஞ்சோட சேர்த்துத் தைச்சிடுவோம். உள்ளே இருந்துகிட்டே தாங்கும்."

அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். அப்பா திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டர். கேட்டுக்கும் ஜன்னலுக்கும் மெஷ் வைத்து வைத்துக் கை காய்த்தவர்.

"மெஷ்ஷா? கம்பி இன்னா கேஜ் சார்?"

டாக்டர் டிராயரிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினார். வெள்ளையாக, மெல்லிசாக, மடித்தால் மடங்கியது. அப்பா அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "கொசுவலை மாதிரி கீதுபா" என்று என்னிடம் கொடுத்தார். நான் அதைத் தொடாமல் மாமாவிடம் தள்ளினேன்.

மாமா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாமா ஊரப்பாக்கத்தில் மனை புரோக்கர். எதை வாங்கினாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "கேரண்டி எத்தனை வருஷம் சார்?"

"கிரைண்டர் வாங்கவா வந்தீங்க?" என்றார் டாக்டர். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, நேர்மையாகவே சொன்னார். இதை எல்லோருக்கும் வைப்பதில்லை. சில சர்ஜன்கள் வைக்கிறார்கள், சிலர் வேண்டாம் என்கிறார்கள். மார்பில் வைத்து நீண்ட வருடம் பார்த்த அனுபவம் யாருக்கும் அதிகம் இல்லை. சீழ் பிடித்தால் திறந்து எடுத்துவிட வேண்டும். "பொருள் புதுசு இல்ல. ஹெர்னியாவுக்கு வயித்துல வைப்பாங்களே, அந்த ஜாதிதான். ஆனா வைக்கலாமா வேணாமான்னு அந்தப் பொண்ணுதான் சொல்லணும். அடுத்த தடவை அவங்க இல்லாம நீங்க வராதீங்க."

இவ்வளவு பேச்சில் மாமாவின் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை. அது ஹெர்னியா.

திரும்பி வரும்போது மின்சார ரயிலில் இரண்டு பேரும் அக்காவின் மார்புக்குள் மெஷ் வைப்பதா வேண்டாமா என்று விவாதித்தார்கள். குரலைத் தாழ்த்தி விவாதிப்பதாக அவர்களுக்கு நினைப்பு.

"வெயிட்டுன்னு ஒண்ணு இருந்தா அத்த தாங்கறதுக்கு ஒண்ணு வோணும்ல?" என்றார் அப்பா. "வெச்சிடலாம்."

"பிளாஸ்டிக்க உடம்புல வெச்சா பின்னாடி இன்னா ஆவும்னு யாருக்குத் தெரியும் மச்சான்? வேணாம்."

"அக்காவைக் கேளுங்க மாமா" என்றேன்.

"அதுக்கு இன்னாடா தெரியும்? அஞ்சாவது படிச்சது."

"உடம்பு அவளோடது இல்ல?"

"இதப் பார்றா. நாலு எழுத்து படிச்சிட்டா போதும், மாமாகிட்டயே கேள்வி."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அக்கா அரை நாள் லீவு போட்டு வந்தாள். அம்மாவையும் கிளப்பிக்கொண்டு போனேன். டாக்டர் அறை வாசலில் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ வெளிய குந்துடா. நீ எதிர்ல இருந்தா நான் கேக்க வேண்டியத கேக்க முடியாது."

"இங்கிலீஷ்ல ஏதாவது சொன்னார்னா?"

"தமிழ்ல சொல்லச் சொல்றேன். எனக்கு வாய் இல்லியா?"

நானும் அம்மாவும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போன மகளைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள். அரை மணி கழித்து அக்கா வெளியே வந்தபோது எல்லாக் கேள்விக்கும் அவளிடம் பதில் இருந்தது. குனிந்தால் குத்துமா? முதலில் கொஞ்ச நாள் இழுக்கும், பிறகு தெரியாது. கையைத் தூக்கலாமா? ஒன்றரை மாதம் கழித்து எல்லாம் செய்யலாம். நாளைக்குக் குழந்தை பிறந்தால் பால் வருமா? குறையலாம், வராமலும் போகலாம். இதை டாக்டர் மறைக்காமல் சொன்னாராம்.

அம்மா அதைக் கேட்டதும் அழத் தொடங்கினாள்.

"அழாதம்மா. பால் இல்லன்னா பவுடர் கீது. விரலுக்கு உசிரு இல்லன்னா கடையில வாங்கி ஒட்ட முடியுமா?"

"அந்த வலை?" என்றேன்.

"வெச்சிடச் சொல்லிட்டேன். தெனமும் குனிஞ்சுகினே உக்கார்றவ நான். நாளைக்கு அது மறுபடி இறங்கிச்சுன்னா மறுபடி அறுத்துக்க என்னாண்ட காசு இல்ல."

நியாயமாகப் பார்த்தால் விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். கேட்க வேண்டியவள் கேட்டுவிட்டாள், முடிவெடுக்க வேண்டியவள் எடுத்துவிட்டாள். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு காரியம் என்றால் அதில் இரண்டு பாதி. ஒன்று காரியம். இன்னொன்று, அக்கம்பக்கத்தில் என்ன சொல்வது என்பது. இரண்டாவது பாதியை மாமா எடுத்துக்கொண்டார்.

"ஹெர்னியான்னு சொல்லிடலாம்" என்றார், பெரிய பட்டாவை முடித்துக்கொடுத்தவர் போல. "டாக்டரே சொன்னார்ல, அதே மெஷ்ஷுன்னு. பொய்யும் ஆவாது."

"இன்னாத்துக்கு மாமா?" என்றாள் அக்கா. "வலின்னு சொன்னா போவாதா?"

"எங்க வலின்னு கேப்பாங்க. இன்னான்னு சொல்லுவ? அழகுக்கு அறுத்துகினா, கொழுப்பு பாருன்னு பேசுவானுங்க. கண்ணாலம் ஆவாத பொண்ணு."

அம்மா மாமா பக்கம். அப்பா வழக்கம்போல எந்தப் பக்கமும் இல்லை. நான், "பிறகு சிக்கல் வரும்" என்றேன். என்ன சிக்கல் என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அக்கா அன்று களைத்திருந்தாள். "எதையாவது சொல்லிக்கோங்க" என்று படுத்துவிட்டாள். மாமா திங்கட்கிழமையே கம்பெனிக்குப் போய், லைன் சூப்பர்வைசரைப் பார்த்து, பொண்ணுக்கு ஹெர்னியா, வயிற்றில் மெஷ் வைக்கிறார்கள் என்று உருக்கமாகச் சொல்லி லீவு வாங்கினார். அதோடு விட்டாரா? தொழிலாளர் நல நிதியிலிருந்து ஐயாயிரம் ரூபாய் உதவியும் வாங்கிவந்தார். சாமர்த்தியம் என்று அவரே தன்னை மெச்சிக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. மூன்றாம் நாள் அக்கா வீட்டுக்கு வந்தாள். இரண்டு பக்கமும் கட்டு, மேலே அம்மாவின் பெரிய நைட்டி. வலித்தது, ஆனால் கழுத்து லேசாகிவிட்டது என்றாள். யாரோ தோளிலிருந்து குடத்தை இறக்கிவைத்த மாதிரி இருக்கிறதாம். படுத்தபடியே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்க்க வந்தவர்கள்தான் படுத்தினார்கள். எங்கள் தெருமுனையில் ரயில்வேயில் ரிட்டையர் ஆன ஒருவர் இருந்தார். அவருக்கு உண்மையிலேயே ஹெர்னியா ஆபரேஷன் ஆகியிருந்தது. இத்தனை நாளாக அதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் இருந்தவர். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு வலது பக்கம். பாப்பாவுக்கு எந்தப் பக்கம்?"

"இடது" என்றாள் அம்மா.

"வலது" என்றார் மாமா அதே நேரத்தில்.

பெரியவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தப்பிக்க வழி தேடி, "ரெண்டு பக்கமும் சார்" என்றார். எங்கள் வீட்டில் அந்த ஒரு மாதத்தில் வெளியாளிடம் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

"அடப் பாவமே, ரெண்டு பக்கமுமா! அப்ப இருமவே கூடாதே. தண்ணி லாரி வந்தா குடம் தூக்க விட்றாதீங்க. என் மச்சினன் ஒரு குடம்தான் தூக்கினான், பிச்சிக்கிச்சு." இப்படி முக்கால் மணி நேரம். திரைக்குப் பின்னால் அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் தையல் இழுக்க, "அய்யோ, இவர போகச் சொல்லுடா" என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். அது ஒன்றுதான் அந்த நாட்களில் நல்ல நேரம்.

ஒன்றரை மாதம் கழித்து, டாக்டர் சரி என்ற பிறகு, அக்கா வேலைக்குப் போனாள். போன அன்றே முகம் தொங்கிப் போய்த் திரும்பி வந்தாள். அவள் மெஷினில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சூப்பர்வைசர் அக்காவை பிசிறு வெட்டும் மேஜைக்கு அனுப்பிவிட்டார். நாள் முழுக்க நின்றுகொண்டு, தைத்து வந்த சட்டைகளில் நூல் பிசிறை வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். சம்பளம் குறைவு, பீஸ் கணக்கில் வரும் இன்சென்டிவ் கிடையாது.

"ஏங்க்கா?"

"ஹெர்னியா ஆனவ பெடல் மிதிக்கக் கூடாதாம். உனக்கு நல்லதுக்குத்தான்மா சொல்றேன்றான். அவன் மச்சான் பொண்டாட்டிக்கு தையல் பிரிஞ்சுகிச்சாம்."

ஊரில் யாருடைய மச்சானுக்குத்தான் ஹெர்னியா இல்லை என்று எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. மாதக் கடைசியில் ஆள் பட்டியல் போடும்போது பிசிறு மேஜையில் இருப்பவர்களை ஹெல்பர் என்றுதான் போடுவார்கள். ஒருமுறை ஹெல்பர் என்று போய்விட்டால் மீண்டும் டெய்லர் கிரேடுக்கு வருவது லேசில் நடக்காது. எட்டு வருடம் மெஷினில் இருந்தவள்.

மாமாவை வரவழைத்தோம். "ஆறு மாசம் பொறுத்துக்கோ" என்றார். "ஹெர்னியா சரியாயிடுச்சுன்னு நானே வந்து சொல்றேன்."

"இல்லாத ஹெர்னியா ஆறு மாசத்துல எப்டி மாமா சரியாவும்?" என்று கத்திவிட்டேன். "நாளைக்கே போய் உண்மையைச் சொல்லுங்க."

"நானா? இப்ப போய் சொன்னா நான் அப்ப சொன்னது பொய்யின்னு ஆயிடாதா?"

அக்கா எழுந்து தலையைச் சீவிக்கொண்டே சொன்னாள். "மெஷின்ல வலி இல்லாம குந்தறதுக்குத்தான் அறுத்துகினேன். நின்னுகினு பிசிறு வெட்றதுக்கு இல்ல. நீங்க யாரும் வர வேணாம். தம்பி, நீ மட்டும் வா."

மறுநாள் நான் லீவு போட்டேன். கம்பெனியின் பர்சனல் ஆபீசர் ஒரு அம்மா, நாற்பத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை, டீச்சர் மாதிரி மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். சூப்பர்வைசரையும் கூப்பிட்டு நிற்க வைத்திருந்தார். மூலையில் ஒரு கிளார்க். வழியெல்லாம் நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போயிருந்தேன்.

"மேடம், டயக்னசிஸ்ல ஒரு சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்…"

"தமிழ்லயே சொல்லுங்க தம்பி."

"அது வந்து மேடம்… ஆபரேஷன் வயித்துல இல்ல… கொஞ்சம் மேல…"

"மேலன்னா? ஹார்ட்டா?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சூப்பர்வைசர் கவலையோடு அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"எனக்கு ஹெர்னியா இல்ல மேடம். எங்க மாமா சும்மா சொன்னாரு. மாரு பெருசா இருந்து கழுத்து வலி தாங்கல, விரல் மரத்துப் போச்சு. அத்த சின்னதாக்கிகினேன். வயித்துல ஒண்ணுமில்ல. பெடல் மிதிப்பேன்."

கிளார்க் எழுதுவதை நிறுத்தினார். சூப்பர்வைசர் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தவர் பேச்சு முடியும் வரை கண்ணை இறக்கவில்லை.

"மெஷ் வெச்சாங்கன்னு உங்க மாமா சொன்னாராமே?"

"மெஷ் வெச்சாங்க மேடம். இடம்தான் வேற."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன். பிறகு மெதுவாகக் கேட்டார். "வலி போயிடுச்சாம்மா?"

"போயிடுச்சு மேடம். ஊசி குத்தினா இப்ப தெரியுது."

"சரி. நாளையிலேர்ந்து உங்க மெஷின்லயே உக்காருங்க." சூப்பர்வைசரிடம் திரும்பி, "கேட்டுச்சா?" என்றார். அவர் மின்விசிறியிடம் தலையாட்டினார்.

எனக்கு மூச்சு வந்தது. நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஆனா நல நிதியில கொடுத்த ஐயாயிரத்தைத் திரும்பப் பிடிக்க வேண்டியிருக்கும். ஹெர்னியாவுக்குன்னு கொடுத்தது. இது காஸ்மெடிக்ல வருது. அழகு சம்பந்தப்பட்ட ஆபரேஷனுக்கு நிதி கிடையாது. லீவும் சம்பளம் இல்லாத லீவாத்தான் போடணும்."

"மேடம், இது அழகுக்கு இல்ல" என்றேன். இந்த முறை நாக்கு ஒட்டவில்லை. "விரல் மரத்துப் போச்சு மேடம். ஊசி இறங்கினது தெரியாம உங்க கம்பெனி சட்டையில ரத்தம் ஆச்சு. அதே மெஷ்தான் மேடம். ஒரு சாண் கீழே வெச்சா நோய், ஒரு சாண் மேலே வெச்சா அழகா?"

"எனக்குப் புரியுது தம்பி. நான் பொம்பளை, எனக்குப் புரியாதா? ரூல்ல அந்த ஆபரேஷன் பேர் அந்தப் பக்கம் இருக்கு. நான் என்ன பண்ண?"

நான் இன்னும் ஏதோ சொல்லப் போனேன். இத்தனை நாள் டாக்டரிடமும், ரயிலிலும், மாமாவிடமும், அந்த வாழைப்பழப் பெரியவரிடமும் சொல்லாமல் விழுங்கியது எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்துவிட்டது. அக்கா என் கையைக் கிள்ளினாள்.

"பிடிச்சுக்கோங்க மேடம்" என்றாள். "மெஷின் குடுத்தீங்களே, அது போதும்."

வெளியே வந்ததும் அவளிடம் சண்டை போட்டேன். நியாயம் நம் பக்கம் இருக்கும்போது ஏன் விட்டுக்கொடுத்தாய் என்று கேட்டேன். "அடப் போடா, நியாயம் பேசிகினு நின்னா நாளைக்கும் பிசிறுதான் வெட்டணும்" என்று சொல்லிவிட்டு கேட்டுக்குள் திரும்பிப் போனாள். நான் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றபடி, ஹெர்னியா என்று யார் இனி வாயைத் திறந்தாலும் அடித்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் வரும்போது விரல் நுனியெல்லாம் சட்டைத் துணியின் நீலச்சாயம். காலர் எத்தனை தைத்தாள் என்று அவளே வாய் ஓயாமல் சொன்னாள். மாமா வந்திருந்தார். விஷயம் முழுக்கக் கேட்டுவிட்டு, "ஐயாயிரம் போச்சா? என்னைக் கூட்டிகினு போயிருந்தா வேற ஏதாவது சொல்லியிருப்பேனே" என்றார். அப்பாவே அன்று அவரைப் பார்த்து, "யோவ், சும்மா இருய்யா" என்றார்.

ஆஸ்பத்திரி, டாக்டர், மருந்து, உள்ளே வைத்த அந்த வலை, போன சம்பளம், திருப்பிக் கட்டிய நிதி, எல்லாம் சேர்த்து அக்காவின் கையிலிருந்து போனது எழுபத்தோராயிரத்து அறுநூறு ரூபாய்.